உன் ஓட்டம் எவ்வளவு?

புதிதாகக் கார் வாங்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, “அண்ணாச்சி, எந்த வண்டி நல்ல மைலேஜ் குடுக்கும்?” என்பதுதான். வாடகைக் கார் ஓட்டியும், பிறகு சில வண்டிகள் வாங்கி ஓட்டுநர்களை வைத்து ஓட்டியும் பிழைத்தவன் நான். வீரகேரளம்புதூரிலும் சுரண்டையிலும் அதைத் தெரிந்தவர்கள், விளம்பரத்தை நம்புவதற்கு முன்னால் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வருகிறார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: “ஒன் ஓட்டம் எவ்வளவு?” மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த ரோட்டில், எத்தனை பேரோடு, எவ்வளவு அவசரத்தில்? பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தெரியாமலே பல லட்சம் கடனுக்குத் துணிந்துவிட்டார்கள் என்பது எனக்கு வருத்தமாக இருக்கும்.

வண்டி எடுத்து ஆறு மாதம் ஆனவர்கள் வேறு குறையோடு வருவார்கள். “23 குடுக்கும்னு சொன்னாவ அண்ணாச்சி, 17தான் குடுக்கு. வண்டியில ஏதோ கோளாறு.” பெரும்பாலும் வண்டியில் ஒரு கோளாறும் இருக்காது. அந்த 23 எங்கே பிறந்தது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

புனேயில் 1966இல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்றிதழில் வருகிற எண் அது. வண்டியை ரோட்டில் ஓட்டி எடுப்பதில்லை. ஓர் அறைக்குள் உருளைகள் மேல் சக்கரங்களை நிறுத்தி, எந்த விநாடியில் எந்த வேகம் என்று முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். மொத்தம் 1,180 விநாடி, அதாவது இருபது நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. தூரம் 11 கிலோமீட்டருக்குள். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரை ஒட்டியது, உச்ச வேகம் 90. ஏசி ஓடாது. எதிர்க்காற்று கிடையாது, மேடு கிடையாது, ஆலங்குளத்துக்கு முன்னால் குறுக்கே வரும் ஆட்டுமந்தை கிடையாது. அது பொய்க் கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பத்து வண்டிகளை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க அப்படி ஒரு முறை வேண்டும். அதே எண் நம் வீட்டு வாசலிலும் வந்து நிற்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் தவறு.

ஸ்விஃப்ட் டீசலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வந்த மாடலுக்குச் சான்றிதழ் எண் 22.9. அடுத்த மேம்படுத்தலில் 25.2. அதற்கடுத்த தலைமுறையில் 28.4. உள்ளே இருந்த இன்ஜின் என்னவோ அதே 1,248 சிசி. உடம்பு எடை குறைந்தது, உராய்வைக் குறைத்தார்கள், அதில் உண்மையான முன்னேற்றம் உண்டு. ஆனால் தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் சவாரி ஓட்டியவர்களைக் கேட்டால், மூன்று மாடலுக்கும் 18 முதல் 22 வரைதான் சொல்வார்கள். பொறுமைக்காரர்கள் மட்டும் அதற்கு மேல் சொல்வார்கள். காகிதத்தில் ஏறிய அளவுக்கு ரோட்டில் ஏறவில்லை.

டீசல் இன்ஜின் ஏன் குறைவாகக் குடிக்கிறது என்பதைப் பலரும் சரியாகத் தெரிந்துகொள்வதில்லை. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய முதல் வெற்றிகரமான இன்ஜினே எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி இயந்திரங்களில் பெரும்பாலானவை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காற்றை 16 மடங்கு, 18 மடங்கு என்று அழுத்திச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைப்பது அவர் கண்ட வழி. பெட்ரோல் இன்ஜினில் இந்த அழுத்தம் 10 மடங்கை ஒட்டியே நிற்கும். இன்னொரு காரணம் மெதுவாகப் போகும்போதுதான் தெரியும். பெட்ரோல் வண்டியில் வேகத்தைக் குறைக்கக் காற்று வரும் வழியையே மூட வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சிழுக்கிறவன் மாதிரி, அந்த இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கவே தன் பலத்தில் ஒரு பங்கைச் செலவழிக்கும். டீசலில் காற்று வழி திறந்தே இருக்கும், எண்ணெயை மட்டும்தான் குறைப்பார்கள். அதனால்தான் கடைத்தெரு நெரிசலிலும் ஊர்ந்து போகிற திருவிழா ரோட்டிலும் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் அதிகம். இதோடு, ஒரு லிட்டர் டீசலுக்குள் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் சக்தி அடங்கியிருக்கிறது. லிட்டர் கணக்கில் டீசல் ஜெயிப்பதில் ஒரு பகுதி இன்ஜினின் திறமை, ஒரு பகுதி எண்ணெயின் கனம்.

எங்கள் பக்கத்துக்கு டீசல் கார் வந்தது அம்பாசடரில். ஒன்றரை லிட்டர் இன்ஜின், 40 குதிரைத்திறன்கூட இருக்காது. ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு குற்றால சீசனில் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் அது போய்வந்த பாட்டை நினைத்தால் இன்றும் அதன்மேல் மரியாதை வருகிறது. 1998 டிசம்பரில் டாடா இண்டிகா வந்தது. 1,405 சிசி டீசல், டர்போ கிடையாது, சத்தம் அதிகம். ஆனால் வாடகைக்காரனின் கையில் மாதக் கடைசியில் நாலு காசு மிஞ்ச வைத்த வண்டி அது. அம்பாசடரிலிருந்து சவாரித் தொழிலை இழுத்துக்கொண்டது இண்டிகாதான் என்று சொல்வேன்.

பிறகு வந்ததுதான் அந்த 1.3 லிட்டர் டீசல். இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 2003இல் கொண்டுவந்த மல்டிஜெட் இன்ஜின். 2007இல் மாருதி அதை ஸ்விஃப்டில் வைத்தது, அடுத்த ஆண்டு டிசையரில் வைத்தது. டாடாவின் விஸ்டா, மான்சா, ஃபியட்டின் புன்டோ, லீனியா, பின்னால் எர்டிகா, சியாஸ், பிரெஸ்ஸா வரைக்கும் அதே இன்ஜின்தான். 75 குதிரைத்திறன், சிலவற்றில் 90. பழைய பம்ப் போய், பொதுக் குழாயில் 1,600 பார் வரை அழுத்தி வைத்த டீசலைக் கம்ப்யூட்டர் சொல்கிற கணத்தில் தெளிக்கிற முறை. நம் கார் டயரில் இருக்கிற காற்றழுத்தம் இரண்டு பாரை ஒட்டியது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த 1,600 என்ன என்பது புரியும். தெளிக்கிற துளைகளோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியவை. அம்பாசடர் காலத்தில் டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினவர்கள் உண்டு, அந்த பம்பும் கொஞ்ச காலம் தாங்கியது. இந்த வண்டிகள் தாங்காது. மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடித்துவிடாமல் ஓட்டி, இன்ஜெக்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். மைலேஜில் மிச்சம் பிடித்தது மொத்தமும் ஒரே நாளில் பட்டறைக்குப் போய்விடும்.

இழுவையைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் உங்களைப் புளியரைக்குக் கூட்டிப் போக வேண்டும். செங்கோட்டையைத் தாண்டி, கோட்டைவாசல் கருப்பசாமியை நோக்கி ஏறுகிற மலைப்பாதை. அங்கே எஸ் வளைவு என்று எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரிந்த இடம். முன்னால் காய்கறியோ சிமெண்டோ ஏற்றிய லாரி, பின்னால் கேரளத்துப் பேருந்து. இரண்டாவது கியரில் வளைவுக்குள் நுழைகிறீர்கள். வேகம் குறைந்து இன்ஜின் சுழற்சி 1,500க்குக் கீழே இறங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வண்டி நகர மறுக்கும். ஏனென்றால் அந்த 1.3 தன் முழு இழுவையான 190 நியூட்டன் மீட்டரைத் தருவது 2,000 சுழற்சியில். அதற்குக் கீழே டர்போவுக்குப் போதுமான புகை வேகம் கிடையாது. பழக்கமில்லாதவர்கள் அந்த இடத்தில் பாதி கிளட்சைப் பிடித்துக்கொண்டு உறுமுவார்கள். கருகிய வாடை வரும். சமவெளியில் லட்சம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய கிளட்ச் பிளேட் சீக்கிரமே தேய்ந்துவிடும். தெரிந்தவன் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுவான்.

இதே ஏற்றத்தில் ஹூண்டாயின் 1.1 டீசல், அதாவது 2013இல் கிராண்ட் ஐ10இல் வந்த மூன்று சிலிண்டர் இன்ஜின், வேறு மாதிரி நடந்துகொள்ளும். காகிதத்தில் அது சின்னது, 71 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். ஆனால் அந்த 160 அதற்கு 1,500 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். நெடுஞ்சாலையில் 1.3க்கு முன்னால் அது நிற்க முடியாது. புளியரை வளைவிலோ அதை ஓட்டுகிறவனுக்குக் கால் வலி குறைவு. எவ்வளவு பலம் இருக்கிறது என்பதைவிட, நமக்குத் தேவைப்படுகிற இடத்தில் அது வருகிறதா என்பதுதான் முக்கியம். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நான் வண்டியை மட்டும் நினைத்துச் சொல்வதில்லை. பெரிய படிப்பும் பெரிய சம்பளமும் இருந்து, வீட்டில் ஒரு கஷ்டம் வந்த அன்றைக்கு ஒன்றுக்கும் உதவாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சமே கையில் இருந்தும், கூப்பிட்ட நேரத்துக்கு ஓடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மைலேஜ் எண்ணை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் வந்த செலெரியோ டீசல் சாட்சி. 793 சிசி, இரண்டே சிலிண்டர், 47 குதிரைத்திறன், சான்றிதழில் 27.62. அன்றைக்கு நாட்டிலேயே மிக உயர்ந்த எண்களில் ஒன்று. அதிர்வும் மந்தமும் ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, இரண்டே ஆண்டில் நிறுத்திவிட்டார்கள்.

மலை இறங்கும்போது நடக்கிற ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டது. ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜினையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. இன்றைய இன்ஜின்களில் கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் டீசலை முழுவதும் நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால், இன்ஜின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து டீசல் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைக்கிற வழியில் செலவுதான் கூடுகிறது, பிரேக்கும் காய்ந்து பிடிப்பு போகிறது. அணைத்துவிட்டாலோ பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் இருக்கும் உதவி போய்விடும். அந்த வளைவுகளில் கவிழ்ந்து கிடந்த வண்டிகளைப் பார்த்தவன் சொல்கிறேன், எந்த லிட்டருக்கும் அந்த விலை கிடையாது.

அடுத்தது காற்று. இதை எந்த ஷோரூமிலும் சொல்ல மாட்டார்கள், எங்கள் ஊரில் ஓட்டுகிறவன் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கொட்டுகிறது. தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்று எப்படித் தள்ளும் என்று தெரியும். சுரண்டையைச் சுற்றியும் பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கமும் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். அந்தக் காற்றுக்கு எதிரேதான் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வர வேண்டும்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் காற்று. உங்கள் வண்டிக்கு அது 110 கிலோமீட்டர் வேகத்துக் காற்று. தடை காற்றில்லாத நாளைவிட 1.9 மடங்கு. திரும்பிப் போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், வண்டி உணர்வது 50 கிலோமீட்டர்தான். தடை 0.4 மடங்குக்கு இறங்கும். போனதும் வந்ததும் சரியாகிவிடும் என்று தோன்றும். கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள், 1.14 வரும். அதாவது இழந்தது முழுசாகத் திரும்பி வருவதில்லை, இரண்டு வழிக்கும் சேர்த்துக் காற்றுத் தடை பதினான்கு சதவீதம் கூடுதல். இது புரியாமல் ஆடி மாதம் மெக்கானிக்கிடம் போய் “வண்டி திடீர்னு மைலேஜ் குடுக்கல” என்று இன்ஜெக்டரைக் கழற்றச் சொன்னவர்கள் உண்டு. ஐப்பசியில் அதே வண்டி தானாகச் சரியாகிவிடும். சபரிமலை சீசனில் கூரைமேல் கேரியர் மாட்டி, மூட்டையைக் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் இதே கதை. மாலை கழற்றிய பிறகும் பங்குனி வரைக்கும் வெறும் கேரியரோடு ஓடுகிற வண்டிகளைப் பார்க்கும்போது நிறுத்திச் சொல்லத் தோன்றும், சொல்லியும் இருக்கிறேன்.

எரிபொருள் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பான பி.சி.ஆர்.ஏ. வெகுகாலமாகச் சொல்வது, 80இல் போகிறவன் 45 முதல் 55 வேகத்துக்கு இறங்கினால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்பது. நாலுவழிச் சாலையில் 50இல் போவது யாராலும் முடியாது, பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து. 100இல் போகிறவன் 80க்கு இறங்கலாம், அதற்கே டேங்கில் வித்தியாசம் தெரியும்.

என்னிடம் ஓட்டியவர்களில் ஒருவர் கையில் எந்த டிசையரைக் கொடுத்தாலும் மற்றவர்களைவிட லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் கூடுதலாகக் கொண்டுவருவார். அவர் மெதுவாக ஓட்டுகிறவரும் இல்லை, சேர வேண்டிய நேரத்துக்குச் சேர்ந்துவிடுவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று புரியும்: பிரேக் பெடலை அவர் அபூர்வமாகத்தான் தொடுவார். பாவூர்சத்திரம் ரயில்வே கேட் பக்கம் நெரிசல் தெரிந்த உடனேயே கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து வந்துவிடும், வண்டி தன் வேகத்திலேயே தளர்ந்து போய்ச் சேரும். பிரேக்கில் போகிற சூடு அத்தனையும் நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல். வாரம் ஒருமுறை டயருக்குக் காற்று பார்ப்பார், ஏர் ஃபில்டரைத் தட்டி வைப்பார், வண்டியில் தேவையில்லாத சாமான் ஒன்றும் இருக்காது. வீட்டிலும் அவர் அப்படித்தான். கடன் வாங்கிக் கொண்டாடி, பிறகு விழுந்தடித்து நிற்கிற பழக்கம் அவரிடம் கிடையாது. முன்னால் இருப்பதைப் பார்த்துக் காலை எடுக்கத் தெரிந்த மனிதர்.

மைலேஜ் பார்க்கிற முறையிலும் நேர்மை வேண்டும். டாஷ்போர்டில் தெரிகிற எண்ணை நான் எடுத்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். ஒரே பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், தானாக நிற்கிற வரைக்கும் டேங்கை ஃபுல் பண்ணுங்கள். டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். முக்கால் டேங்க் ஓடிய பிறகு அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாதீர்கள். மழையில், வெயிலில், குடும்பத்தோடு, தனியாக என்று பல டேங்க் பார்த்த பிறகு ஓர் எண் நிலைக்கும். அதுதான் உங்கள் எண். டயரைப் பெரிய அளவுக்கு மாற்றியவர்கள் மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆய்வகமும் ரோடும் வேறு வேறு என்பதை உலகமே ஒத்துக்கொள்ள ஒரு பெரிய அதிர்ச்சி தேவைப்பட்டது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு, டீசல் கார்களின் பின்பக்கத்தில் அளவுக் கருவிகளை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்கிற, சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்துப் போன இளைஞரும் இருந்தார். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர்கள் கிளம்பவில்லை. அமெரிக்க டீசல் எவ்வளவு சுத்தமானது என்று காட்டப் போனவர்கள். ஆய்வகத்தில் தேறிய ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா, ரோட்டில் நைட்ரஜன் ஆக்சைடு புகையை வரம்பைவிட 15 முதல் 35 மடங்கு வரை கக்கியது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக இருக்கும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள் என்பது 2015 செப்டம்பரில் வெளியே வந்தது. உலகம் முழுவதும் 1 கோடியே 10 லட்சம் கார்கள் அதில் சிக்கின. மைலேஜில் இப்படிப்பட்ட மோசடி தேவையே படவில்லை. ஐரோப்பாவில் 2001இல் சான்றிதழ் எண்ணுக்கும் நிஜச் செலவுக்கும் இடைவெளி பத்து சதவீதத்துக்குள் இருந்தது, 2015வாக்கில் அது 40 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. விதிகளுக்குள் நின்றுகொண்டே, சோதனைக்கு ஏற்றபடி வண்டியைத் தயாரிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அங்கே சோதனை முறையையே மாற்றினார்கள். நம் நாட்டிலும் 2023 ஏப்ரலிலிருந்து புகையை ரோட்டில் ஓட்டிப் பார்க்கிற விதி வந்துவிட்டது.

பரீட்சைக்கென்றே வளர்க்கப்பட்ட பிள்ளைகளை எனக்கு நினைவுபடுத்துகிறது இந்தக் கதை. மதிப்பெண் தாளில் 98 இருக்கும், பஸ்ஸில் தனியாக மதுரைக்குப் போய்வரத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வைத்த சோதனைக்கு ஏற்ப அவர்கள் வளர்ந்தார்கள். சோதனை வைத்த நாம்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் சிக்கியது அங்கேதான். 2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். நம் ஊர் விலை ரூபாய்க் கணக்கில் மாறினாலும் இடைவெளி அதே மாதிரிதான். பெட்ரோல் கார் லிட்டருக்கு 17, டீசல் கார் 21 என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 4 ரூபாய் 30 காசும் 1 ரூபாய் 95 காசும் ஆகும். கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 35 காசு மிச்சம். டீசல் காருக்குக் கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சம் திரும்பி வர 42,000, 43,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் நூறு கிலோமீட்டர் ஓடுகிற வாடகைக்காரனுக்கு அது பதினான்கு மாதம். தினம் பத்து கிலோமீட்டர் போகிற வாத்தியாருக்குப் பதினோரு ஆண்டுக்கு மேல். ஆனால் அன்றைக்கு வாத்தியாரும் டீசல்தான் வாங்கினார், பக்கத்து வீட்டு டிராவல்ஸ்காரன் வாங்கினான் என்பதற்காக. நாட்டில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசலாக இருந்த காலம் அது.

2013 ஜனவரியிலிருந்து டீசல் விலையை மாதம் 50 காசாக ஏற்றினார்கள். 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முழுவதும் நீங்கியது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பெட்ரோல் நூறைத் தாண்டி நிற்கிறது, டீசல் தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது, இடைவெளி பத்து ரூபாய்க்குள். அதே 17, 21 கணக்கைப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான் மிச்சம். டீசல் காருக்குக் கூடுதல் விலையோ ஒன்றரை லட்சம் வரை வந்துவிட்டது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட பணம் வரும்.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. நல்ல காரியம், ரோட்டோரத்தில் கடை வைத்திருக்கிறவனின் நுரையீரலுக்கு அது செய்த உதவி பெரியது. அதன்படி சின்ன டீசல் இன்ஜின்களை மாற்றச் செலவு கூடுதல் என்று மாருதி டீசலையே விட்டுவிட்டது, அந்தப் பெயர்பெற்ற 1.3 அங்கேயே நின்றது. ஹூண்டாய் 1.2 டீசலைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்து நிறுத்தியது. டாடா அல்ட்ராஸ் மாதிரி ஒன்றிரண்டு வண்டிகளில்தான் சின்னக் காருக்கு டீசல் மிஞ்சியது.

பி.எஸ். 6 டீசலில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் உண்டு. சேர்ந்த கரியை அவ்வப்போது 600 டிகிரிச் சூட்டில் எரித்துச் சுத்தமாக்க வேண்டும். அதற்கு வண்டி இடைவிடாமல் கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். கடைக்கும் கோயிலுக்கும் என்று ஊருக்குள்ளேயே சுற்றினால் சுத்தம் பாதியிலேயே நின்றுபோகும், டீசல் கசிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும், விளக்கு எரியும், பிறகு வண்டி வேகமெடுக்காது. டீசல் இன்ஜின் மெதுவாகத்தான் சூடேறும், சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால் மைலேஜும் கிடைக்காது, ஆயுளும் குறையும். ஓட்டம் இல்லாதவனுக்கு டீசல் கார் மிச்சம் தராது, நோவுதான் தரும்.

ஓட்டத்தை அளந்து பார்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. வீரகேரளம்புதூரில் ஊத்துமலை ஜமீனின் அரண்மனை இருக்கிறது. அந்த ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்து நடந்தபோது, கூட நடந்த அண்ணாமலை ரெட்டியார் வழிநடைக்கென்றே காவடிச் சிந்து பாடினார் என்பது எங்கள் பக்கத்துப் பெருமை. எத்தனை தூரம், எந்த இடத்தில் நிழல், எங்கே தண்ணீர் என்று கால் அறிந்து நடந்தவர்களின் ஊர் இது. வண்டி வந்த பிறகு நம் வழியை நாமே அளந்து பார்க்கிற பழக்கம் விட்டுப்போயிற்று. நம் வீட்டுச் செலவு, நம் பிள்ளையின் படிப்பு, நம் உடம்புக்கு எவ்வளவு வேலை தாங்கும் என்பதெல்லாம் அடுத்தவர் சொன்ன எண்ணை வைத்தே நடக்கிறது. இந்த வயதில் எனக்கு இருக்கிற பெரிய ஆதங்கம் அதுதான்.

போன வருஷம் சுரண்டையில் நர்சாக இருக்கிற ஒரு பிள்ளை வந்தாள். பழைய டீசல் டிசையர் ஒன்று விலைக்கு வருகிறது, எடுக்கலாமா என்று கேட்டாள். “தாயி, ஒரு மாசம் பொறு. நீ எங்கெங்க போறயோ அதைக் காலண்டர்ல எழுதிட்டு வா” என்றேன். ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தாள். டூட்டிக்கு, சந்தைக்கு, அம்மாவைத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு. எல்லாம் சேர்த்து மாதம் நானூறு கிலோமீட்டர்கூட வரவில்லை, அதிலும் முக்கால்வாசி நெரிசலில். சின்னப் பெட்ரோல் வண்டி போதும் என்று சொன்னேன், எடுத்துவிட்டாள். அந்த டிசையரை அவள் அண்ணன் வாங்கினான். அவன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் சரக்கு பிடித்துப் புனலூர்க் கடைகளோடு வியாபாரம் செய்கிறவன், வாரத்துக்கு நாலு தடவை மலை ஏறி இறங்குகிறவன். அவனுக்கு இன்னும் பல வருஷம் அந்த 1.3 உழைக்கும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடிக்கிற இடத்தை மட்டும் காட்டிக் கொடுத்தேன், எஸ் வளைவுக்கு முன்னால் எந்த இடத்தில் முதல் கியருக்கு வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.